பிரபுவின் தோல்வியும் சிப்பாயின் தோல்வியும்

1

நெப்போலியன் காலத்து ராணுவப் பிரபு என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிரெஞ்சுக்காரர் அல்லர், ருஷ்யர். டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்த ‘போரும் வாழ்வும்’ அதற்குக் காரணம். இடதுசாரி வாசிப்பிலிருந்து வந்தவர்கள் பலருக்கும் தன் தெருவில் குடியிருந்த பட்டாளத்துக்காரரைவிட இளவரசர் ஆந்திரேயை நன்றாகத் தெரியும். 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ருஷ்யப்படை தோற்கிறது. ஆந்திரேய் அடிபட்டு விழுகிறார். விழுந்து கிடக்கும்போது அவருக்கு வானம் தெரிகிறது. வாழ்க்கையின் பொருள் பற்றி ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. அதே நாவலில் பிளாத்தோன் கரத்தாயெவ் என்று ஒரு குடியானவச் சிப்பாய் வருகிறான். அடுத்தவர் தோப்பில் மரம் வெட்டிய குற்றத்துக்குத் தண்டனையாகப் பட்டாளத்துக்கு அனுப்பப்பட்டவன். பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகி, நடக்க முடியாமல் உட்கார்ந்ததும் சுட்டுப் போட்டுவிட்டு மேலே போகிறார்கள். அவனிடமிருந்து ஞானம் பெறுவதும் இன்னொரு பிரபுவான பியேர்தான்.

டால்ஸ்டாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் தன் காலத்து ருஷ்யாவின் உண்மையைத்தான் எழுதினார். பீட்டர் மன்னன் 1722இல் கொண்டுவந்த பதவி அட்டவணை, சேவையால் எவரும் உயரலாம் என்று கொள்கையளவில் சொன்னது. நடைமுறையில் பிரபுக்கள் தம் பிள்ளைகளைக் குழந்தையாக இருக்கும்போதே காவல்படை ரெஜிமெண்டுகளில் பதிவு செய்துவைத்தார்கள். பையன் மீசை முளைத்துப் படைக்கு வரும்போது ஏட்டில் அவனுக்குப் பல வருடச் சர்வீஸ் ஏறியிருக்கும். பூஷ்கினின் ‘கேப்டன் மகள்’ கதாநாயகன் தாய் வயிற்றிலிருக்கும்போதே சார்ஜெண்டாகப் பதிவானவன். குடியானவனுக்கோ பட்டாளம் என்பது ஆயுள்காலம். 1793க்குப் பிறகு இருபத்தைந்து வருடம். கட்டாயமாகப் பிடித்துப்போகிறவனை ஊரார் இழவு வீட்டைப்போல ஒப்பாரி வைத்து வழியனுப்பினார்கள்.

ஆக, ‘ராணுவ வாழ்க்கை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் கதையாடல் எல்லோருக்கும் பொதுவானதல்ல. பிறந்தான், படையில் சேர்ந்தான், வென்றான், தோற்றான், பதவி பெற்றான், நினைவுக்குறிப்பு எழுதினான் என்று அத்தியாயம் அத்தியாயமாக நகரும் இந்த வடிவத்தைச் சாத்தியமாக்குவது எது? களத்தில் காட்டிய வீரமா, பிறப்பா? இந்தக் கேள்விக்கு ருஷ்யாவரை போகவேண்டியதில்லை. நான் குடியிருக்கும் கோரிமேட்டிலிருந்தே தொடங்கலாம்.

2

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சாலையில் வடமேற்காக வந்தால் ஜிப்மர் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது நிலம் மேடேறுகிறது, மண் சிவக்கிறது. ‘கோரி’ என்ற சொல்லுக்குச் சமாதி என்று பொருள்; உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ஊர்ப்பெயருக்கு அதுதான் மூலம் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் சமாதிமேடு என்று வாசித்தாலும் தப்பில்லை என்று சொல்லுமளவுக்கு இந்தச் செம்மண் மேட்டுப் பக்கம் பட்டாளங்கள் வந்து போயிருக்கின்றன. ஆங்கிலேயரின் பழைய போர்க் குறிப்புகளில் ‘சிவப்பு மலை’ என்று வருவது நகரத்துக்கு வடமேற்கே உள்ள இந்த மேட்டுநிலம்தான்.

1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்ரோவின் கும்பினிப் படை அங்கே கூடாரமடித்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கிவிட்டதால் பிரிட்டனோடு மோதல். அதன் கிளைச்சண்டை இங்கே. சுமார் 10,500 பேர் கொண்ட படையில் ஐரோப்பியர் 1,500 பேர்தான். மிச்சப்பேர் யார்? தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய சிப்பாய்கள். ஆகஸ்ட் 21இல் நகரத்தைச் சுற்றிக் கள்ளியும் முட்செடியுமாக வளர்ந்திருந்த எல்லை வேலியைப் பிடித்தார்கள். செப்டம்பர் 18இல் 28 பெரிய பீரங்கிகளும் 27 மோர்ட்டார்களும் கோட்டைமேல் சுட ஆரம்பித்தன. அக்டோபர் 18இல் கவர்னர் பெல்கோம்ப் சரணடைந்தார்.

கோட்டைக்கு வெளியே நின்றவர்களிலும் உள்ளே நின்றவர்களிலும் நம் ஊர்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். சரணடைந்த நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். தோற்ற படை ராணுவ மரியாதைகளோடு வெளியேறலாம். பெல்கோம்பின் தனி வேண்டுகோளுக்கிணங்கப் புதுச்சேரி ரெஜிமெண்ட் தன் கொடிகளை வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியர்கள் மதராசுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேற்றப்படுவார்கள். சிப்பாய்கள் கலைக்கப்படுவார்கள்.

கலைக்கப்படுவார்கள் என்பது ஒரே ஒரு வினைச்சொல். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள், பாக்கிச் சம்பளம் கிடைத்ததா, அறுப்பு வேலைக்குப் போனார்களா, ஹைதரின் படைக்குப் போனார்களா, நகரத்தின் மதில்களை இடித்துத் தள்ளுவதென்று ஆங்கிலேயர் முடிவெடுத்தபோது அதே மதிலைக் காத்தவர்களில் யாரேனும் கூலிக்குக் கடப்பாரை பிடித்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு அந்த வினைச்சொல்லில் இடமில்லை. வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்துவிடுகிறது.

3

தோற்ற கோட்டையிலிருந்து பிரான்சுக்குத் திரும்பியவர்களில் இருபத்துமூன்று வயது அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் போல் பாராஸ். ப்ரொவான்ஸ் பகுதியின் மிகப் பழைய பிரபு குடும்பங்களில் ஒன்றில் 1755இல் பிறந்தவர், விகோம்த் பட்டம் உடையவர். பதினாறு வயதில் லாங்கதோக் ரெஜிமெண்டில் ‘பிரபுகுலப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் சேர்ந்தார். 1776இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் கப்பல் உடைந்தது. எப்படியோ புதுச்சேரி வந்து சேர்ந்து முற்றுகையில் பங்கெடுத்தார். 1782–83இல் இந்தப் பக்கத்துக்கு அனுப்பப்பட்ட இரண்டாவது படையெடுப்பிலும் இருந்தார். பிறகு படையைவிட்டு விலகிப் பாரீசில் சூதாட்டமும் சல்லாபமுமாகக் காலம் கழித்தார்.

இதுவரை பார்த்தால் தோற்றுப்போன ஒரு சின்ன அதிகாரியின் கதை. சிப்பாயாக இருந்திருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். பாராசுக்கு இது முன்னுரை. 1789இல் புரட்சி வந்ததும் அதன் பக்கம் சேர்ந்தார். 1792இல் தேசிய மாநாட்டுக்கு உறுப்பினரானார். மன்னன் தலையை வெட்ட வாக்களித்தார். 1793இல் தூலோன் துறைமுகத்தை மீட்கும் முற்றுகைக்கு அரசுப் பிரதிநிதியாகப் போனபோது பீரங்கிப்படையில் கோர்சிகத் தீவுக்காரனான ஓர் இளைஞனைக் கண்டார், அதுதான் போனபார்ட். அந்த ஆண்டு ஆகஸ்ட் 23இல் புதுச்சேரி மறுபடியும் ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது.

1794 ஜூலை 27இல் ரோபெஸ்பியரை வீழ்த்திய நாளில் படைக்குத் தலைமை தாங்கியவர் பாராஸ். 1795 அக்டோபர் 5இல் மன்னராட்சி ஆதரவாளர்கள் பாரீசில் கலகம் செய்தபோது அதை அடக்கும் பொறுப்பு அவருக்கே வந்தது. அவர் கூப்பிட்டுக்கொண்டது போனபார்ட்டை. பீரங்கிகள் சுட்டன, கலகம் முடிந்தது, போனபார்ட் பிரபலமானார். பாராஸ் ஐந்து டைரக்டர்களில் ஒருவராகி 1799 நவம்பர் வரை பிரான்சை ஆண்டார். கடைசியில் தான் வளர்த்துவிட்ட அதே தளபதியால் வெளியேற்றப்பட்டார். 1829இல் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1895–96இல் நாலு தொகுதிகளாக அச்சாயின.

புதுச்சேரியில் தோற்ற ஒருவர் நெப்போலியனுக்கு ஏணி போட்டார் என்பது நம்ம ஊர்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு நல்ல தீனி. எனக்கு அந்தப் பெருமையில் அக்கறையில்லை. இங்கே ஒரே நாளில், ஒரே மதிலுக்குப் பின்னால் நடந்த ஒரே தோல்வி, ஒருவனுக்கு அடுத்த அத்தியாயமாகவும் இன்னொருவனுக்கு முற்றுப்புள்ளியாகவும் ஆனதுதான் கவனிக்கத்தக்கது.

பாராஸ் விதிவிலக்கா என்று கேட்கலாம். கோட்டையை ஒப்படைத்த பெல்கோம்பைப் பாருங்கள். 1782இல் அவர் சேன்-தொமாங்கின் (இன்றைய ஹைத்தி) கவர்னர். பிரெஞ்சுக் குடியேற்றங்களிலேயே பணம் கொழித்த, அடிமைகளின் ரத்தத்தில் சர்க்கரை விளைந்த தீவு அது. மறுபக்கம் லாலி இருக்கிறார். 1761இல் புதுச்சேரியை இழந்ததற்காக 1766 மே 9இல் பாரீசில் தலை வெட்டப்பட்டவர். பிரபுவும் தண்டிக்கப்பட்டாரே என்றால், ஆமாம். ஆனால் அவருக்காக வால்தேர் எழுதினார், மகன் போராடினார், 1778இல் தீர்ப்பு ரத்தானது. இன்றும் புதுச்சேரியில் லாலி தொலெந்தால் பெயரில் தெரு இருக்கிறது. தலை போன பிறகும் பிரபுவுக்கு அத்தியாயம் பாக்கியிருக்கிறது.

4

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது பழைய ஆட்சி. பிரெஞ்சுப் புரட்சி பிறப்பை ஒழித்துத் திறமைக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பார்கள். பாதி உண்மை. 1781 மே மாதம் வந்த செகூர் ஆணை, நாலு தலைமுறைப் பிரபுத்துவம் காட்டினால்தான் நேரடியாக அதிகாரியாகலாம் என்றது. புரட்சி இதைத் தூக்கியெறிந்தது. அதனால் மேலே வந்தவர்களில் ஒருவர் புதுச்சேரிக் கடற்கரைவரை வந்தார்: ஷார்ல் டெகேன். பிரபு வம்சமல்ல. 1787இல் கடற்படைப் பீரங்கிப் பிரிவில் சாதாரண ஆளாகச் சேர்ந்தவர், 1800இல் டிவிஷன் ஜெனரல். ஆமியன் சமாதானப்படி (1802) பிரெஞ்சுப் பகுதிகளைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவரை நெப்போலியன் அனுப்பினார். 1803 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு ஜூலை 11இல் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டார். ஆங்கிலேயர் ஊரை விடவில்லை, பக்கத்திலேயே அவர்களுடைய கடற்படை நின்றது. மறுநாள் ராத்திரியே கப்பல்கள் சத்தமில்லாமல் நழுவி இல்-து-பிரான்சுக்குப் (இன்றைய மொரீஷியஸ்) போய்விட்டன. முன்னதாகக் கரையிறங்கியிருந்த பினோ என்ற அதிகாரியும் அவருடைய சிறு படையும் இங்கே மாட்டிக்கொண்டு செப்டம்பரில் சரணடைந்தார்கள்.

டெகேன் ஏழு வருடம் அந்தத் தீவை ஆண்டு, 1810 டிசம்பர் 3இல் அதையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அவருடைய படை கைதியாகவில்லை. பிரிட்டிஷ் செலவில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. 1811இல் அவருக்குக் கட்டலோனியப் படையின் தலைமை. பாரீசின் வெற்றி வளைவில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் இறங்காமலே போனவர், தீவை விட்டுக்கொடுத்தவர், வெற்றி வளைவில்! பிரபுவுக்கு மட்டும் இருந்த அடுத்த அத்தியாயம் இப்போது சாமானியனுக்கும் கிடைத்துவிட்டது. வெள்ளைச் சாமானியனுக்கு.

ஏனெனில் திறமைக்குத் திறந்த அந்தக் கதவு கடல் தாண்டும்போது மூடிக்கொண்டது. 1790 அக்டோபர் 16இல் புதுச்சேரித் தொப்பாஸ்கள், அதாவது போர்த்துகீசிய-இந்தியக் கலப்பு வழிவந்த கத்தோலிக்கர்கள், ஐரோப்பியக் குடிமக்களுக்குள்ள உரிமைகள் தங்களுக்கும் வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். மனித உரிமைப் பிரகடனம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிரெஞ்சு பேசியவர்கள், பிரெஞ்சுக்காரர் மதத்தில் இருந்தவர்கள், ஆனாலும் பிறப்பு குறுக்கே வந்தது. அடிமை முறையை 1794 பிப்ரவரி 4இல் பாரீஸ் ஒழித்தது. அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு 1796இல் இல்-து-பிரான்சுக்குப் போன டைரக்டரி அரசின் பிரதிநிதிகளைத் தோட்ட முதலாளிகள் துரத்தியடித்தார்கள். அப்போது டைரக்டராக உட்கார்ந்திருந்தவர் நம் பாராஸ். 1802 மே மாதம் நெப்போலியன் அடிமை முறையைச் சட்டமாகவே நிலைநிறுத்தினார். அந்தச் சட்டத்தோடு தீவில் இறங்கியவர் டெகேன். அடிமைகளோடும் சுதந்திரக் கைவினைஞர்களோடும் தமிழர்கள் அங்கே ஏற்கனவே வாழ்ந்துவந்தார்கள்.

பிறப்பால் பிரபு என்பதைப் புரட்சி ஒழித்தது. பிறப்பால் அடிமை என்பதைப் புரட்சியின் பிள்ளையே மீட்டுக்கொடுத்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து வாசிக்காமல் நெப்போலியனைத் ‘தன்முயற்சியால் உயர்ந்தவர்’ என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

5

ஆங்கிலேயர் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? கும்பினிப் படையில் ஒரு சிப்பாய் எத்தனை வருடம் உழைத்தாலும் எட்டக்கூடிய உச்சி சுபேதார் பதவி. முப்பது வருடம் சண்டை பார்த்த சுபேதார், லண்டனிலிருந்து நேற்று வந்திறங்கிய பதினாறு வயதுப் பையனுக்கு சலாம் வைக்க வேண்டும். இந்த எல்லையைத் தாண்டிய ஒருவர் யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறவர். சிப்பாயிலிருந்து கமாண்டன்ட் ஆகி மதுரையை ஆளும் நிலைக்கு வந்தார். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிட்டார்கள். அவரைப் பிடித்துக்கொடுத்த சதியில் அவரிடமே வேலைபார்த்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் இருந்தார்.

1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையும் சாதி, சமயச் சின்னங்களுக்கு விதித்த தடையும் உடனடிக் காரணங்கள். ஒரே நாளில் அடக்கப்பட்டது, நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பிறகு விசாரணை, தூக்கு, பீரங்கி வாய். கலகம் செய்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. மறுபடியும் அதே வினைச்சொல். 1778இல் விசுவாசமாகச் சண்டைபோட்டுத் தோற்றவனும் கலைக்கப்பட்டான், 1806இல் எதிர்த்துத் தோற்றவனும் கலைக்கப்பட்டான். விசுவாசத்துக்கும் கலகத்துக்கும் ஒரே கூலி.

ஆவணக்காப்பகம் இதற்குத் துணைபோகிறது. பாராசுக்கு நாலு தொகுதி. நம் பக்கத்தில் எழுதியவர்கள் யார்? துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளை எழுதினார். அவர் காலத்துக்குப் பிறகு இரண்டாம் வீராநாயக்கர் எழுதிய நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை போகிறது. 1992இல் ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் அதைப் பதிப்பித்தார். வீராநாயக்கர் நகரக் காவலுக்குப் பொறுப்பான நயினார். பெரும் பொக்கிஷங்கள் இவை, சந்தேகமில்லை. ஆனால் துபாஷியும் நயினாரும் அதிகாரத்தின் வாசற்படியில் நின்று எழுதியவர்கள். வாசலுக்கு வெளியே துப்பாக்கி பிடித்து நின்றவன் எழுதவில்லை.

6

இதையெல்லாம் இப்போது ஏன் பேச வேண்டும்? நம் சுவர்களைப் பாருங்கள். ‘ஆண்ட பரம்பரை’ என்று எழுதாத சாதிச் சங்கம் எது? வாள் பிடித்த முன்னோர், குதிரைமேல் முன்னோர், படைத்தளபதியான முன்னோர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் வரலாற்றை எழுதப் புறப்பட்ட தோழர்களும் பல சமயம் இதே வடிவத்துக்குள் போய் விழுகிறார்கள். எங்களுக்கும் ஒரு தளபதி இருந்தார், எங்களுக்கும் பட்டயம் இருந்தது, எங்களை வரலாறு மறைத்துவிட்டது என்று. மறைத்தது நிஜம். அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. தலைகுனிந்து நடக்க வைக்கப்பட்டவனுக்குக் குதிரைமேல் உட்கார்ந்த தாத்தா தேவைப்படுகிறார் என்பது எனக்குப் புரிகிறது.

பிரச்சினை வடிவத்தில் இருக்கிறது. பிரபுவின் ராணுவ வாழ்க்கை என்ற கதையாடலை இயக்கும் எந்திரம் பிறப்பு. பிறப்புதான் தோல்வியைப் படிக்கட்டாக மாற்றித்தருகிறது. அந்த வடிவத்தை இரவல் வாங்கி நம் முன்னோரை அதில் உட்கார வைத்தால், கூடவே அந்த எந்திரத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். ஒரு தளபதியைக் கண்டுபிடித்த மறுகணமே அவருக்குக் கீழே பெயரில்லாத ஆயிரம் பேரை உற்பத்தி செய்துவிடுகிறோம். ‘ஆண்ட’ என்ற சொல்லுக்கு ஆளப்பட்ட ஒருவன் வேண்டுமே, அவன் யார்? பக்கத்துத் தெருக்காரன்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு அனுபவமும் உண்டு. 1819 ஜனவரி 6 ஆணைப்படி இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே நீதி பெறுவார்கள் என்று பிரெஞ்சு அரசு உறுதி சொன்னது. அதாவது சாதிக்குச் சட்டக் காவல். 1881 செப்டம்பர் 21 ஆணைதான் அந்தத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர வழி வைத்தது. தொப்பாஸ்கள் மனு கொடுத்துத் தொண்ணூற்றொரு வருடம் கழித்து! துறந்தவர்களில் தாழ்த்தப்பட்டவர்கள் கணிசம். பலர் இந்தோசீனாவுக்கு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். இங்கே ‘சொல்தா’ என்று நாம் அழைக்கும் குடும்பங்களின் கதை இதன் தொடர்ச்சி. ஊரில் கிடைக்காத மரியாதை சீருடையில் கிடைத்தது. ஆனால் எந்த நிலத்தில் கிடைத்தது? இன்னொரு அடிமைப்பட்ட மக்களின் நிலத்தில், அவர்களுக்கு எதிரே துப்பாக்கி பிடித்து. கடைசியில் சிப்பாய்க்கும் ஓர் அடுத்த அத்தியாயம் கிடைத்தது என்று கொண்டாடுவதா, அதற்குக் கொடுத்த விலை வேறொருவனுடையது என்று சொல்வதா? இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது அரசியல் சோம்பேறித்தனம்.

அப்படியானால் சிப்பாயின் வரலாற்றை எப்படி எழுதுவது? தளபதியைத் தேடுவதை நிறுத்திவிட்டு ‘கலைக்கப்பட்டார்கள்’ என்ற அந்த வினைச்சொல்லில் நின்று எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. சம்பளப் பட்டியல், ஞானஸ்நானப் பதிவேடு, கோர்ட்டு வழக்கு, நிலப் பத்திரம், ஊர்க் கிழவிகளின் ஒப்பாரி, சொல்தா வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும் பிரெஞ்சுக் காகிதம், இவையெல்லாம் அதற்கு மூலங்கள். இதில் வெற்றி வளைவு கிடைக்காது. ஒரு மனிதன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்தத் திசையில் நடந்தான் என்பதாவது கிடைக்கலாம்.

கடற்கரைச் சாலையில் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது, துய்ப்ளேக்ஸ் சிலை இருக்கிறது. கோரிமேட்டில் அப்படி ஒன்றும் இல்லை. 1778இல் சிவப்பு மலையில் கூடாரமடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பாஷைகளைப் பேசியவர்கள். எதிரே மதிலுக்குள் நின்றவர்களில் பலரும் அப்படித்தான். ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள இரண்டு தரப்பிடமும் கூலி வாங்கினார்கள். அவர்களில் யாருடைய பரம்பரை நாம் என்று சுவரில் எழுதப்போகிறோம்?